வரிசை எங்கே நிற்க வேண்டும்?

“சர்வர் பிஸி.” இவ்விரு சொற்களைக் கண்டு மனம் நோகாத மாணவர் நம்முள் எவரேனும் உளரோ? தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள், தேர்வு முடிவு வெளியாகும் நாள், விடுதியில் இடம் கேட்டு விண்ணப்பிக்கும் நாள் என ஆண்டுக்கு மூன்று நான்கு முறை இக்காட்சி நம் கைபேசித் திரையில் அரங்கேறுகிறது. சிறு வட்டம் ஒன்று சுழல்கிறது. சுழன்றுகொண்டே இருக்கிறது. பின்னர் வெறும் வெள்ளைத் திரை. மீண்டும் அழுத்துகிறோம், பக்கத்து அறை நண்பனும் அழுத்துகிறான், விடுதி முழுவதும் அழுத்துகிறது.

அப்பொழுது எல்லார் வாயிலும் வரும் தீர்ப்பு ஒன்றே. “பெரிய சர்வர் வாங்கிப் போட வேண்டும், நிருவாகத்துக்குப் பணம் செலவழிக்க மனமில்லை” என்பர். நிருவாகத்துக்காக வழக்காட நான் வரவில்லை. எனினும் கணினி பயிலும் மாணவன் என்ற முறையில் இத்தீர்ப்பை ஏற்க என்னால் இயலவில்லை. பெரும்பாலான வேளைகளில் குறை சர்வரின் உடல் வலிமையில் இல்லை; தரவுத்தளத்தின் கதவை நாம் தட்டுகின்ற முறையில் இருக்கிறது. ஆளுக்கொரு கதவு கேட்கிறோம். கிடைத்த கதவைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறோம். இதைத் திருத்தப் பெரும்பணம் வேண்டா. பொதுவில் வைக்கும் மனமும் கொஞ்சம் கணக்கும் இருந்தால் போதும் என்பதே என் கட்சி.

இலக்கியம் பயிலும் நண்பரும் வேதியியல் பயிலும் நண்பரும் இவ்விதழைப் படிப்பர். ஆதலால் முதலில் நடப்பது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பதிவெண்ணைத் தட்டி ‘முடிவைக் காட்டு’ என்று நீங்கள் அழுத்துகிறீர்கள். உங்கள் மதிப்பெண் இணையச் செயலியின் கையில் இல்லை. தரவுத்தளம் என்னும் கிடங்கிடம் சென்று அது கேட்டு வர வேண்டும். கேட்பதற்கு ஓர் இணைப்பு வேண்டும். இணைப்பு என்பது வெறும் கம்பியன்று. இரு பக்கமும் ஒன்றையொன்று அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். பிறர் ஒட்டுக்கேளாதிருக்க மறைமொழி ஒன்றைப் பேசி முடிவு செய்ய வேண்டும். பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்பட வேண்டும். அதன் பின்னர்க் கிடங்கு தன் பக்கத்தில் ஓர் ஆளை இதற்கென்றே ஒதுக்க வேண்டும். போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளம் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனி புராசஸையே தோற்றுவிக்கிறது. அதற்கென நினைவகத்தில் இடமும் கொடுக்கிறது. இத்தனை சடங்கும் முடிந்தபின் நாம் கேட்பது என்ன? ஒரு மாணவனின் ஆறு பாட மதிப்பெண். விடை சொல்ல ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு போதும். வந்த விருந்தாளி ஒரு செம்பு நீர் குடிக்கப் புதிதாய் ஒரு கிணறு வெட்டி, அவர் குடித்து முடித்ததும் அதைத் தூர்த்துவிட்டு, அடுத்த விருந்தாளிக்கு மறுபடியும் மண்வெட்டியைத் தூக்குவது போன்றது இது.

அறிவுடையோர் இவ்வாறு செய்வதில்லை. சில இணைப்புகளை முன்னதாகவே திறந்து வைத்துக்கொள்வர். வேண்டியவன் ஒன்றை எடுத்துப் பயன்படுத்திவிட்டுத் திருப்பி வைப்பான். அடுத்தவன் அதையே எடுப்பான். இதைத்தான் ‘கனெக்‌ஷன் பூல்’ என்கின்றனர். ‘இணைப்புக் குளம்’ என்று ஒருவர் மொழிபெயர்த்ததைக் கண்டு சிரித்திருக்கிறேன். இங்கே அச்சொல்லுக்கு நீர்நிலை என்பது பொருளன்று, பலர் ஒன்றாய்ச் சேர்த்து வைத்துப் பகிர்வது என்பதே பொருள். நான் ‘இணைப்புத் தொகுதி’ என்றே எழுதப்போகிறேன். இதனினும் நல்ல சொல் தமிழ்த்துறை நண்பரிடம் இருப்பின் கடன் வாங்கிக்கொள்ள ஆயத்தமாக இருக்கிறேன்.

சித்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்க்காரருக்கு இதை விளக்க நெடுநேரம் ஆகாது. கலியாண வீட்டுக்கு வேண்டிய அண்டா, தவலை, பெரிய கரண்டி எல்லாம் ஊருக்குப் பொதுவாக ஓரிடத்தில் இருக்கும் வழக்கத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். ஆண்டுக்கு ஒருநாள் தேவைப்படும் அண்டாவை வீட்டுக்கு வீடு வாங்கி வைப்பவர் இல்லை. ஒருவர் பொறுப்பாளர், ஒரு நோட்டுப் புத்தகம், எடுத்தவர் பெயர் அதில் இருக்கும். திருப்பும்போது கழுவித் திருப்ப வேண்டும். பொறுப்பாளர் தட்டிப் பார்த்து, ஓட்டையில்லை என்று கண்ட பின்னரே அடுத்தவருக்குக் கொடுப்பார். பழையதாகிவிட்டால் ஈயம் பூச அனுப்புவார். நல்ல இணைப்புத் தொகுதி இவ்வளவையும் அப்படியே செய்கிறது. முடியாமல் விட்ட மாற்றங்களை நீக்கி இணைப்பைத் துடைத்து வைக்கிறது. கொடுக்குமுன் உயிரோடிருக்கிறதா என்று பார்க்கிறது. குறித்த வயது கடந்ததை ஓய்வுக்கு அனுப்பிப் புதியதைத் திறக்கிறது. நெடுநேரம் திருப்பாதவன் பெயரைப் பதிவேட்டில் எழுதி வைக்கிறது. ஜாவா உலகில் பெரிதும் வழங்கும் ஹிகாரி என்னும் தொகுதியில் ஓர் இணைப்பின் ஆயுள் இயல்பாக 30 நிமிடம்.

தொகுதி வைப்பது நல்லது என்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. நம் மாணவர் எழுதும் செயலிகள் பலவற்றில் அவர்கள் அறியாமலே ஒன்று இருக்கிறது. 2018-இல் வந்த ஸ்பிரிங் பூட் இரண்டாம் பதிப்பு முதல் ஹிகாரி தானாகவே உடன் வருகிறது. எண் மாற்றாவிடில் அதில் 10 இணைப்புகள். பின் ஏன் சர்வர் விழுகிறது? இங்கேதான் எனக்கும் என் வகுப்புத் தோழருக்கும் வழக்கு.

கணக்கைப் பாருங்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் நான்கு செயலிகள் என்று வைத்துக்கொள்வோம்: தேர்வு, கட்டணம், விடுதி, நூலகம். கூட்டம் தாங்குவதற்கென்று ஒவ்வொன்றையும் மூன்று படிகளாக ஓட்டுகின்றனர். ஒவ்வொரு படியும் 10 இணைப்புகளைத் தனக்கென்று திறந்து வைத்துக்கொள்கிறது. நான்கும் மூன்றும் பன்னிரண்டு. பன்னிரண்டு பத்து 120. போஸ்ட்கிரஸ் இயல்பாக ஏற்பதோ 100 இணைப்புகள். அதிலும் 3 நிருவாகிக்கென ஒதுக்கப்பட்டவை. மைஎஸ்கியூஎல் என்றால் 151. தேர்வு முடிவு நாளன்று நூலகச் செயலியை எவரும் சீண்டுவதில்லை. அதன் 30 இணைப்புகளும் அண்டாவைப் பூட்டி வைத்த வீடு போலச் சும்மா கிடக்கின்றன. அதே வேளையில் தேர்வுச் செயலி கூடுதலாக ஒன்று கேட்டு நிற்கிறது. போஸ்ட்கிரஸ், மிகப் பணிவாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, வாடிக்கையாளர் ஏற்கெனவே அதிகம் என்று திருப்பி அனுப்புகிறது. கிடங்கில் பொருளும் இருக்கிறது, ஆளும் இருக்கிறான். மாணவனுக்கு மட்டும் விடையில்லை.

தனித்தனியே வைப்பதைவிடப் பொதுவில் வைப்பது ஏன் மேல் என்பதைக் கணினி பிறப்பதற்கு முன்னரே ஒருவர் கணக்கிட்டுக் காட்டிவிட்டார். டென்மார்க்கில் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் பணியாற்றிய ஏர்லாங் என்பவரே அவர். எத்தனை டிரங்க் லைன் போட்டால் எத்தனை அழைப்பு தாங்கும் என்பது அவருக்கு வந்த கேள்வி. 1909-இல் முதற் கட்டுரை எழுதினார். 1917-இல் சூத்திரத்தை வெளியிட்டார். அச்சூத்திரத்தை ஒரு மாலை நேரம் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். இரண்டு அலுவலகங்கள், ஒவ்வொன்றுக்கும் 5 லைன், எந்நேரமும் சராசரி 3 லைனுக்கு வேலை இருக்கும் அளவு அழைப்புகள். அப்போது 100 அழைப்பில் 11 இடமின்றித் திரும்பும். அதே பத்து லைனை இருவர்க்கும் பொதுவாக்குங்கள். திரும்புவன 100-க்கு 4 மட்டுமே. ஒரு லைன்கூடப் புதிதாய் வாங்கவில்லை. நடுவிலிருந்த சுவரை இடித்தோம், அவ்வளவுதான்.

இனி அளவு. “அப்படியானால் பொதுத் தொகுதியில் 500 இணைப்பு வைத்துவிடலாமே” என்று கேட்கும் நண்பர் உண்டு. வேண்டா என்கிறேன். தரவுத்தளம் ஓடும் எந்திரத்தில் நான்கு கோர் இருந்தால் ஒரு கணத்தில் மெய்யாக நான்கு வேலைகளே நடக்கும். மற்றவை தட்டைப் பார்ப்பதும் முறை வருமெனக் காத்திருப்பதுமே. ஐந்நூறு பேரையும் அடுக்களைக்குள் விட்டால் சமையல் விரையுமா? கை இடித்துக் கை விழும். கோர் எண்ணிக்கையை இரட்டித்து, அதோடு சுழலும் வட்டின் எண்ணிக்கையைச் சேர்த்தால் வரும் தொகையே தொடங்குவதற்குரிய அளவு என்று போஸ்ட்கிரஸ் வல்லுநர் ஒரு குறிப்புத் தந்துள்ளனர். நான்கு கோரும் ஒரு வட்டும் உடைய எந்திரத்துக்கு அது 9. இதைச் சொன்னால் நம் மாணவர் நம்புவதில்லை. ஆயிரக்கணக்கானோர் வரும் தளத்துக்கு ஒன்பதா என்று வியக்கின்றனர்.

ஒன்பதே போதும் என்றால் மிச்சம் பேர் எங்கே நிற்பது? நல்ல கேள்வி. இதற்கு விடை நம் தலைக்கு மேலே, மலையில் இருக்கிறது.

திருமலைக்கு நாளொன்றுக்கு 60,000 முதல் 80,000 பேர் வரை வருகின்றனர். சன்னிதியோ ஒன்று, அதன் வாசல் பழைய வாசலே. கூட்டம் பெருகியதென்று எவரும் அந்த வாசலை இடித்து அகலப்படுத்தவில்லை. மாறாக, காத்திருக்கும் இடத்தை வகுத்தனர். வைகுண்டம் கியூ காம்ப்ளெக்ஸ் எழுந்தது. உள்ளே அறை அறையாக உட்கார வைத்து, ஓர் அறை காலியானதும் அடுத்த அறையைத் திறக்கும் முறை வந்தது. பின்னர் நேரம் குறித்த டோக்கன் வந்தது. கையில் டோக்கன் உள்ளவர் கோவிந்தராசர் கோயிலைச் சுற்றிப் பார்க்கலாம், சத்திரத்தில் உறங்கலாம். தம் நேரத்துக்குச் சென்றால் போதும். வாசல் சிறிதாக இருந்தும் மலை இயங்குவதற்குக் காரணம் இந்த ஏற்பாடே. நாத்திக நண்பர்களும் இதைப் பார்த்துப் படிக்கலாம். பக்திக்காகச் சொல்லவில்லை, பொறியியலுக்காகச் சொல்கிறேன்.

ஏற்பாடு தவறினால் என்ன ஆகும் என்பதையும் இந்நகரம் கண்டது. 2025 சனவரி 8 இரவை நம்மில் எவரும் மறக்க இயலாது. வைகுண்ட ஏகாதசி டோக்கன் மறுநாள் விடியற்காலையில் திருப்பதி நகரத்துக் கவுண்ட்டர்களில் வழங்கப்பட இருந்தது. முந்திய நாளே கூட்டம் திரண்டுவிட்டது. நெரிசலில் 6 உயிர்கள் போயின. சேலத்திலிருந்து வந்த பெண்மணி ஒருவரும் அவர்களுள் ஒருவர். மனித உயிரையும் ஓர் இணையப் பக்கம் விழுவதையும் ஒரே தராசில் வைப்பது பண்பன்று, நான் வைக்கவில்லை. ஆயினும் வரிசை அமைக்கும் தொழிலை மேற்கொள்ளப் போகிறவர் அவ்விரவைப் படிக்காமல் இருக்கலாகாது. காத்திருப்பை வாசலிலிருந்து அகற்றி வீட்டுக்கு அனுப்புவதே டோக்கனின் வேலை. அந்த டோக்கனை வாங்கவே ஒரு வாசலில், ஒரு குறித்த நேரத்தில், எல்லாரும் கூட வேண்டும் என்று வைத்தால் நெரிசல் இடம் மாறுகிறதே தவிரக் குறைவதில்லை. அதே ஆண்டு திசம்பர் இறுதியில் அடுத்த வைகுண்ட ஏகாதசி வந்தபோது முதல் மூன்று நாள்களுக்குரிய அனுமதியை இணையவழிக் குலுக்கலில் தேவஸ்தானம் வழங்கியது. சில நாள்களுக்குள் எப்போது வேண்டுமாயினும் பெயர் பதியலாம். முந்தினவனுக்கும் பிந்தினவனுக்கும் வாய்ப்பு ஒன்றே. ‘கதவு திறந்ததும் ஓடு’ என்பதையே அது நீக்கிவிட்டது. 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு 18 வயது நிரம்பியோருக்குக் கோவின் தளம் திறந்தபோது நாடே ஒரே கணத்தில் அழுத்தியதையும், தொடக்கத்தில் தளம் திணறியதையும் நினைவு கூர்க. அன்று ஒரே நாளில் 1.3 கோடிப் பேருக்கு மேல் பதிந்துவிட்டனர். ஒரு நாளில் முடிகிற வேலைக்கு ஒரே மணித்துளியில் ஏன் இத்தனை கூட்டம்?

ஆகவே வரிசை இருக்கக்கூடாது என்பது என் கருத்தன்று. வரிசை தரவுத்தளத்தின் வாசலில் நிற்கக்கூடாது என்பதே. அதற்கு வெகு முன்னால் நிற்க வேண்டும். தொகுதியில் இணைப்பு இல்லையெனில் செயலிக்குள் சிறிது நேரம் காத்திருக்கலாம். அந்த நேரத்துக்கும் எல்லை வேண்டும். ஹிகாரி இயல்பாக வைத்திருக்கும் எல்லை 30 நொடி. கைபேசியைப் பிடித்திருக்கும் மனிதனுக்கு 30 நொடி மிக நீளம். அவன் அதற்குள் மூன்று முறை அழுத்தி மூன்று பேராகிவிடுவான். மூன்று நொடி வையுங்கள். அதற்கும் மேல் கூட்டமெனில் முகப்பிலேயே ‘உங்களுக்கு முன் இத்தனை பேர், இத்தனை நிமிடம் ஆகும்’ என்று எளிய பக்கம் ஒன்றைக் காட்டுங்கள். தேவஸ்தானத்தின் முன்பதிவுத் தளத்திலும் அப்படியொரு காத்திருப்பறையை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அப்பக்கத்தைக் காட்டத் தரவுத்தள இணைப்பே தேவையில்லை.

அளவைப் பற்றிப் பேசினேன். அதனினும் பெரிய குற்றம் ஒன்று உண்டு. பிடித்ததை விடாமை.

சென்ற ஆண்டு சித்தூரில் ஒரு கல்லூரி, பெயர் வேண்டா. தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாள். என் சிற்றப்பா மகள் அங்கே இரண்டாமாண்டு. சிற்றப்பா ஆட்டோ ஓட்டுபவர்; அன்று பிற்பகல் சவாரியை விட்டுவிட்டு அவளை நெட் சென்டருக்கு அழைத்துச் சென்றார். பணம் வங்கிக் கணக்கிலிருந்து போய்விட்டது. ரசீது வரவில்லை. மாலை ஆறு வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தனர். மறுநாள், கட்டணம் வரவில்லை என்று தாமதத்துக்கு 500 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. போன பணம் சில நாள் கழித்துத் திரும்பி வந்தது, தண்டம் திரும்பவில்லை. ஆட்டோக்காரருக்கு 500 ரூபாய் என்பது என்ன என்பதைப் படிப்பவர்க்கு நான் சொல்ல வேண்டா.

அச்செயலியின் நிரலைப் பின்னர் ஒருவர் எனக்குக் காட்டினார். முதல் வரியில் தொகுதியிலிருந்து இணைப்பை எடுக்கிறார்கள். மாணவரின் பெயரைப் பார்க்கிறார்கள். பிறகு இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டே வங்கியைக் கூப்பிட்டு, அதன் விடைக்குக் காத்திருக்கிறார்கள். விடை வந்ததும் ரசீதை எழுதி, இணைப்பைத் திருப்பி வைக்கிறார்கள். படிக்கும்போது ஒழுங்காகவே தோன்றும். ஜான் லிட்டில் என்னும் அமெரிக்கர் 1961-இல் நிறுவிய சிறு விதியைக் கொண்டு அதை அளந்து பாருங்கள். ஒரு நொடிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை, ஒருவர் எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்கிறார் என்பதால் பெருக்கினால், ஒரே சமயத்தில் எத்தனை இணைப்பு கையில் இருக்கும் என்பது வரும். நொடிக்கு 50 பேர். தரவுத்தள வேலை மட்டும் என்றால் ஆளுக்கு 20 மில்லிநொடி. பெருக்கினால் வருவது 1. ஆம், ஒன்றே ஒன்று! வங்கிக்காகக் காத்திருக்கும் 4 நொடியையும் சேர்த்துப் பிடித்து வைத்தால் 200. எந்திரம் அதே எந்திரம், மாணவர் அதே மாணவர். வங்கியைக் கூப்பிடுமுன் இணைப்பைத் திருப்பிக் கொடுத்து, விடை வந்த பின் மீண்டும் எடுத்திருந்தால் என் சிற்றப்பா மூன்று மணிக்கே சவாரிக்குத் திரும்பியிருப்பார். அண்டாவை இரவல் வாங்கியவர் அதை மடியில் வைத்துக்கொண்டு மளிகைக் கடை வாசலில் காத்திருந்த கதை இது.

இதன் உடன்பிறப்பு இன்னொன்று. கையில் ஓர் இணைப்பை வைத்துக்கொண்டே அதே வேலைக்கு இரண்டாவது இணைப்பையும் கேட்பது. பத்து அண்டா உள்ள ஊரில் பத்து வீட்டார் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் ‘இன்னொன்று கிடைத்தால்தான் அடுப்பு மூட்டுவேன்’ என்றால் என்ன நடக்கும்? எவர் வீட்டிலும் சோறு வேகாது.

பொதுவில் வைப்பதை எதிர்ப்போர் சொல்லும் காரணங்கள் இரண்டு. இரண்டிலும் உண்மை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஒருவன் பேராசைக்காரனாயின் ஊரே பட்டினி கிடக்கும் என்பது முதலாவது. மெய்தான். தவறாக எழுதிய நூலகத் தேடல் ஒன்று எல்லா இணைப்பையும் விழுங்கிவிட்டால் கட்டணப் பக்கம் விழும். அதற்காகச் சுவர் எழுப்ப வேண்டா. உச்சவரம்பு வைத்தால் போதும். மலையிலும் சர்வ தரிசனம், 300 ரூபாய்ச் சிறப்பு தரிசனம் என்று வழிகள் பல, ஒவ்வொன்றுக்கும் பங்கு வரையறுக்கப்பட்டுள்ளது, சேருமிடம் ஒன்றே. இரண்டாவது காரணம் திறவுகோல் பற்றியது. எல்லாரும் ஒரே பெயரில் உள்ளே போனால் திருத்தியவன் எவன் என்று தெரியாது என்கிறார்கள். இது கனமான மறுப்பு. மதிப்பெண்ணைத் திருத்தவல்ல பெயரில் விழா அறிவிப்புச் செயலி உள்ளே போகலாகாது. ஆதலால் ஒரே வகை அதிகாரம் உடைய செயலிகளையே ஒரு தொகுதியில் சேர்க்க வேண்டும். மதிப்பெண் தொகுதி தனியே நிற்கட்டும். பொதுமை என்றால் எல்லாவற்றையும் ஒரே பானையில் கொட்டுவது என்று நான் சொல்லவில்லை.

பல அலுவலகங்கள் ஒரு வாசலைப் பகிர்வது இம்மண்ணுக்குப் புதிதுமன்று. வருவாய்த்துறைச் சான்றுக்கு ஓர் அலுவலகம், மின் கட்டணத்துக்கு வேறோர் அலுவலகம் என்று மக்கள் அலைந்த காலத்தில், பல துறைகளின் பணிகளை ஒரே கவுண்ட்டரில் தரும் மீசேவா 2011 நவம்பரில் சித்தூர் மாவட்டத்தில்தான் முதலில் தொடங்கிற்று.

நம் மன்றத்துக்கே வருகிறேன். நூலகப் பட்டியல், பழைய இதழ்கள், வேலை வாய்ப்பு அறிவிப்பு, பொங்கல் விழாப் பதிவு என நமக்கு நான்கு செயலிகள். நான்கு ஆண்டுகளில் நான்கு பேர் எழுதியவை. நான்கும் ஒரே சிறு எந்திரத்துத் தரவுத்தளத்தை நாடுகின்றன. ஒவ்வொன்றும் தனக்கெனத் தொகுதி வைத்திருக்கிறது. இவற்றில் முதல் மூன்றும் ஒரே டாம்கேட் சர்வரில் ஓடுபவை. அங்கே ஒவ்வொரு செயலியின் கோப்பிலும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கும் தரவுத்தளக் குறிப்பை எடுத்துவிட்டு, சர்வரின் பொதுக் கோப்பில் ஒருமுறை எழுத வேண்டும். செயலிகளில் அதன் பெயரைச் சுட்டினால் போதும். கடவுச்சொல்லும் மூன்று இடத்தில் சிதறிக் கிடக்காது. பொங்கல் பதிவு மட்டும் பைத்தானில் எழுதியது. வேறு புராசஸில் ஓடுவது. டாம்கேட்டுக்குள் இருக்கும் தொகுதியை அது எட்ட முடியாது. ஆகவே இரண்டுக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே பிஜிபவுன்சர் என்னும் சிறிய இடையாளை வைக்கச் சொல்கிறேன். ஸ்கைப் நிறுவனத்தார் தம் தேவைக்காக எழுதி 2007-இல் வெளியிட்டது அது, விலையில்லாதது. மாற்றம் ஒன்று முடிந்ததும் இணைப்பைப் பிடுங்கி அடுத்தவருக்குக் கொடுக்கும் முறையில் அதை ஓட்டலாம். ஒரு எச்சரிக்கை: இணைப்போடு ஒட்டி நினைவில் நிற்கும் அமைப்புகளை நம்பி எழுதிய நிரல் அம்முறையில் தடுமாறும். பழைய இதழ்ச் செயலியில் அத்தகைய வரிகள் இரண்டு இருக்கின்றன. அவற்றை மாற்றியாக வேண்டும்.

எண்கள் இவை. தரவுத்தளப் பக்கம் மொத்தம் 10 இணைப்பு. எந்தச் செயலியும் 6-க்கு மேல் எடுக்கலாகாது. காத்திருப்பு 3 நொடி. ஐந்து நொடிக்கு மேல் திருப்பாதவர் பெயர் பதிவேட்டில் விழ வேண்டும். அப்பதிவேட்டை வாரம் ஒருமுறை யாரேனும் படிக்கவும் வேண்டும். பொங்கல் பதிவை ஒரே நாள் காலை 10 மணிக்குத் திறக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, ஐந்து நாள் திறந்து வைத்து, இடம் போதாவிடில் குலுக்கிப் போடலாம். இதற்குச் செயற்குழு இசைய வேண்டும். ‘முந்தி வந்தவனுக்கே முதலிடம்’ என்பதுதான் நியாயம் என்று சொல்லும் உறுப்பினர் இருவரை நான் அறிவேன். விடுதியில் வைஃபை நன்றாக வரும் அறையில் இருப்பவன் முந்துகிறான். குப்பத்திலிருந்து நாள்தோறும் ரயிலில் வருபவன் பிந்துகிறான். அந்த நியாயத்தை அவ்விருவரும் கூட்டத்தில் எழுந்து விளக்கட்டும். கணக்குத் தாளோடு நானும் வருகிறேன்.